நாலு மீட்டர் நடை

அளவுக்காரி என்றுதான் அந்த ஏழு தெருவிலும் அவளைக் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்த வேலை அப்படி. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் யார் நன்றாக நடமாடுகிறார்கள், யார் நீண்ட நாள் இருக்கிறார்கள், அது எதனால் என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. அந்த நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் வயதானவர்களை அளந்து எழுதிக்கொண்டு வருவாள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆளுக்கு ஒரு மணி நேரம். எடை பார்ப்பாள், கையால் ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள், பத்து வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்பாள். கடைசியாக நடை.

நடைதான் முக்கியம். தரையில் நாலு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு நீலப் பட்டைகளை ஒட்டுவாள். வழக்கமாக நடக்கிற மாதிரி நடக்கச் சொல்வாள். முதல் பட்டையைக் கால் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும், இரண்டாவதைத் தாண்டும்போது திரும்ப அமுக்க வேண்டும். ஐந்து நொடிக்குள் வந்தால் சரி. தாண்டினால் சிவப்பு அட்டை எழுதி ஒன்றை நிலையத்துக்கும் ஒன்றைப் பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும்.

இந்தச் சிவப்பு அட்டையில்தான் அவளுக்கு வம்பு பிடித்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு தையல்காரம்மாவுக்குச் சிவப்பு எழுதினாள். ஐந்தரை நொடி. விதிப்படி எழுதினாள், அவ்வளவுதான். ஒரே மாதத்தில் அந்தம்மாவின் மூன்று மகன்களும் வந்து மெஷினை விற்று, வீட்டைப் பூட்டி, அம்மாவை மூத்தவன் வீட்டு மூலையறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து அளவுக்காரியின் கட்டை விரலுக்கு இரக்கம் வந்துவிட்டது. முதல் பட்டையைத் தாண்டி ஒரு மூச்சு விட்ட பிறகு அமுக்கும். இரண்டாவது பட்டைக்கு ஒரு சாண் இருக்கும்போதே நிறுத்தும். உண்மையான நேரத்தை அவள் மனசு தனியாக எண்ணி வைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் இல்லை. தனியாக இருப்பவர்கள், வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்று கண்ணால் கெஞ்சுபவர்கள், அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும். இப்போது அவளுடைய நாற்பது பேரில் பதினொரு பேர் அந்த விரலின் தயவில் இருந்தார்கள். அந்தப் பதினொரு பேருக்கே அது தெரியாது.

அதில் ஒருவர் அவளுடைய தாய்மாமா.

அவளுடைய அம்மாவோடு சேர்த்து உடன்பிறந்தவர்கள் நாலு பேர். பெரியவள் முதல் பிரசவத்திலேயே போனாள். அடுத்தவள் கல்யாணமாகிக் கப்பலேறினாள், இரண்டு கடிதத்தோடு சரி. மூன்றாவது இவளுடைய அம்மா. கடைக்குட்டிதான் மாமா. முப்பத்தி நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். இவளுடைய அப்பா இறந்த வருஷம், பள்ளி விடுமுறை நாட்களில் இவளைத் தன் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் உட்கார வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுவார். சூடு தெரியாமல் இருக்கத் தன் சட்டையை மடித்துக் கீழே போடுவார். இப்போது அவருக்கு எண்பத்து மூன்று, இவளுக்கு ஐம்பத்தாறு. இன்னமும் அவருக்கு இவள் பாப்பாதான். மாமி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், தனியாக இருந்தார்.

போன மாதம் அவரை அளந்தபோது உண்மையான கணக்கு ஆறு புள்ளி நாலு. அவள் எழுதியது நாலு புள்ளி எட்டு. அதற்கு முந்தின வருஷமும் நாலு புள்ளி எட்டு, அதற்கு முந்தியும் அதே. தப்புச் செய்கிறவர்களுக்கு இருக்க வேண்டிய சாமர்த்தியம்கூட அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நிலையத்திலிருந்து மேற்பார்வை அம்மா போன் செய்தாள்.

"சந்தோஷமான சேதிம்மா. மத்த ஏரியாவுல எல்லாம் வருஷத்துக்கு வருஷம் நடை குறையுது. உங்க ஏரியாவுல மட்டும் தனியா இருக்கற ஆளுங்க கால் அப்படியே நிக்குது. என்ன ரகசியம்னு டாக்டருங்க மண்டைய ஒடச்சுக்கறாங்க. செவ்வாக்கிழமை ஒருத்தர் மெஷினோட வராரு. பன்னெண்டு பேர திரும்ப அளப்பாரு. நீங்க கூட இருந்து காட்டுங்க."

"மெஷின்னா?"

"ரெண்டு பக்கமும் கம்பம் மாதிரி நிக்கும். நடுவுல ஆள் போனா அதுவே நேரம் எழுதிடும். நம்ம கைக்கு வேலையே இல்ல."

பன்னிரண்டு பேரின் பட்டியல் வந்தது. முதல் பெயர் மாமாவுடையது.

சேதி தெருவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நம் தெருவில் யாருக்கும் வயசே ஆவதில்லையாம். டீக்கடைக்காரர் அது தன் டீயால் வந்தது என்றார். "நீ போடற டீய குடிச்சுட்டு உயிரோட இருக்கறவன் எதையும் தாங்குவான்யா, அது வேற விஷயம்" என்றார் பூட்டு ரிப்பேர்காரர். அவருக்கு எண்பத்தாறு. அவரும் பட்டியலில் இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அளவுக்காரியும் சிரித்தாள். டம்ளரில் பாதி டீ இருக்கும்போதே கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனாள். அவரை எப்படியாவது செவ்வாய்க்கிழமை வெளியூர் அனுப்பிவிட வேண்டும், அல்லது காய்ச்சல் என்று படுக்க வைத்துவிட வேண்டும். மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம். அந்த நினைப்போடு பெரிய சாலைக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்தாள். கையில் ரொட்டிப் பொட்டலம். நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்ததும் இறங்கினார்.

அந்தச் சிக்னல் இருபது நொடி. அவள் மனசு தானாக எண்ண ஆரம்பித்தது, அது அவளுக்குப் பழகிப்போன வியாதி. பத்து எண்ணும்போது அவர் பாதி சாலைக்கும் வரவில்லை. பதினாறு. மற்றவர்கள் எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் நிமிர்ந்த தலையோடு, கொஞ்சமும் அவசரமில்லாமல், வலது காலை லேசாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். இருபது. விளக்கு மாறியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு கிளம்பி, அவரைப் பார்த்து, டயர் கத்த நின்றது. பம்பருக்கும் அவருடைய முழங்கைக்கும் ஒரு ஆள் நிற்கிற இடம்கூட இல்லை.

அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு பாப்பா, சட்ட கசங்குது. பாத்தியா அவன? பச்ச விழறதுக்கு முன்னாடியே கிளட்ச்ச விடறான். எங்க காலத்துல இவனுக்கெல்லாம் சைக்கிள்கூடக் குடுக்க மாட்டாங்க."

"மாமா, சிக்னல் மாறிடுச்சு."

"அதெப்படி மாறும்? ரோடு பதினாலு மீட்டர், நான் காலால அளந்துருக்கேன். நாலு மீட்டருக்கு நாலு புள்ளி எட்டு. கணக்குப் போடு. பதினேழு நொடிக்குள்ள நான் இந்தப் பக்கம். மூணு நொடி கையில மிச்சம். சிக்னல்லதான் ஏதோ கோளாறு. கம்ப்ளெய்ண்ட் எழுதிப் போடணும்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அட்டை வராமல் இருந்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவள் எழுதிய எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் தினமும் சாலையைக் கடப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாடி ஏறும்போது இன்னும் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை ஊன்றினார். இரண்டாவது மாடியில் நின்று, ஜன்னல் வழியாக ஏதோ பார்ப்பது போல மூச்சு வாங்கினார். வீட்டுக்குள் அவருடைய மகள் வாங்கி அனுப்பிய கைத்தடி, சுற்றியிருந்த காகிதம்கூடப் பிரிக்காமல், கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. குளியலறைக்குக் கம்பி பொருத்த வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"நாலு புள்ளி எட்டுக்காரனுக்குக் கம்பி எதுக்குன்னேன். அவளும் வாய மூடிட்டா. நீ எழுதற நம்பர்தான் பாப்பா எனக்கு லைசென்ஸ்."

"மாமா, செவ்வாக்கிழமை ஒருத்தர் வராரு..."

"தெரியும், தெரியும். எம் மகளையும் வரச் சொல்லிட்டேன். அப்பா நடைய மெஷினே சொல்லட்டும். அப்புறம் அவ வீட்டுக்கு வா வீட்டுக்கு வான்னு நச்சரிக்க மாட்டா இல்ல?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் ரொட்டியை வெட்டி, பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளினார். தின்றாள். சொல்லவில்லை. ஞாயிறும் போனது, திங்களும் போனது. இரண்டு நாளும் சாயங்காலம் போய் அந்தச் சாலையோரம் நின்றுகொண்டு, அவர் ரொட்டி வாங்கத் திரும்ப இறங்குகிறாரா என்று பார்த்தாள். அது மட்டும்தான் அவளால் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மெஷின் பெட்டியோடு நிலையத்து ஆள் வந்தார், பெட்டிக்காரர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், மெதுவான குரல். பெட்டியைத் திறந்து முழங்கால் உயரத்துக்கு நாலு கறுப்புக் கம்பங்களை எடுத்து மாமா வீட்டு நடைவழியில் நிறுத்தினார். மாமாவின் மகள் முதல் நாள் இரவே வந்திருந்தாள். சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமா தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ.

"வழக்கமா எப்படி நடப்பீங்களோ அப்படி நடங்க ஐயா."

நடந்தார். சின்ன திரையில் எண் வந்தது. பெட்டிக்காரர் அதைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார் மாமா.

"ஆறு புள்ளி அஞ்சுங்க ஐயா."

"இருக்காதே. மெஷின் சரியா நிக்கல போல. நகத்தி வையுங்க."

நகர்த்தி வைத்தார். திரும்ப நடந்தார். ஆறு புள்ளி மூன்று.

"அப்பா, போதும்ப்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. ஷூ புதுசு, வழுக்குது." குனிந்து ஷூவைக் கழற்றினார். நிமிரும்போது சுவரைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது. "இன்னொரு தடவ. இந்தத் தடவ பாருங்க."

அவர் கம்பத்துக்குப் பின்னால் இரண்டடி தள்ளிப் போய் நின்று, கையை மடக்கி, முன்னால் குனிந்த விதத்தைப் பார்த்தாள் அளவுக்காரி. நடக்கப் போகிறவர் அப்படி நிற்க மாட்டார். ஓடப் போகிறார். அவருடைய வலது காலில் காலுறை நுனி தளர்ந்து கிடந்தது. நடைவழியின் கடைசியில் இரும்புப் பீரோவின் மூலை.

"மாமா, வேணாம்."

"தள்ளு பாப்பா."

அவர் கிளம்பிவிட்டார். இரண்டாவது எட்டிலேயே வலது கால் தரையில் தேய்ந்து சிக்கியது. அவள் கம்பத்தைத் தட்டிவிட்டுப் பாய்ந்து குறுக்கே விழுந்தாள். அவருடைய பாரம் முழுக்க அவளுடைய தோளில் வந்து இறங்கியது. இருவரும் சுவரோடு சரிந்து, முழங்கால் மடங்கி, உட்கார்ந்த மாதிரி நின்றார்கள். பீரோ மூலை அவளுடைய முதுகில் குத்திக்கொண்டிருந்தது.

மகள் ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

பெட்டிக்காரர் கேட்டார்: "அம்மா, மூணு வருஷமும் ஒரே நம்பர் எழுதியிருக்கீங்க. நாலு புள்ளி எட்டு. அது எப்படி?"

அவள் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். அவருக்கு மூச்சு இரைத்தது. ஆனால் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தி நாலு வருஷம் செக்கர்களைப் பார்த்த மனிதர்.

"அவ எழுதினது சரிதான் சார். எனக்கு ரெண்டு நாளா ஜுரம். ராத்திரி தூக்கமில்ல. மாத்திர போட்டுருக்கேன். அதான் கால் வரல. அவ மேல தப்பு இல்ல."

"ஜுரமா? எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா" என்றாள் மகள்.

"சொன்னா நீ குதிப்ப."

ஒரு சொல் போதும். ஆமாம் சார், மாமாவுக்கு ஜுரம் என்று சொன்னால் போதும். இன்றைக்குத் தப்பித்துவிடலாம். பெட்டிக்காரர்கூட அதைக் குறித்துக்கொள்ளத் தயாராகப் பேனாவைத் திறந்திருந்தார். அளவுக்காரி மாமாவின் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கு ஜுரம் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அந்தச் சாலையில் இறங்குவார். மூன்று நொடி மிச்சம் என்று நினைத்துக்கொண்டு இறங்குவார்.

"ஜுரம் இல்ல சார். நான்தான் பொய் எழுதினேன்."

"பாப்பா."

"மொத வருஷம் அஞ்சு புள்ளி மூணு மாமா. போன வருஷம் அஞ்சு புள்ளி ஏழு. இந்த வருஷம் ஆறு புள்ளி நாலு. மூணு தடவையும் நான்தான் முன்னாடியே நிறுத்தினேன்."

மகள் நிதானமாகக் கேட்டாள்: "அண்ணி, நான் ஒவ்வொரு வருஷமும் உங்களுக்குப் போன் பண்ணிக் கேப்பேனே. அப்பா எப்படி இருக்காரு, உண்மைய சொல்லுங்கன்னு. உங்க வார்த்தைய நம்பித்தானே நான் அங்க நிம்மதியா தூங்கினேன்."

"அட்ட வந்தா நீ கூட்டிட்டுப் போயிடுவ. போனா அவர் இருக்க மாட்டாரு. தையல்காரம்மாவ நான் பாத்தவ."

பெட்டிக்காரர் பேனாவை மூடினார். அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

"அம்மா, சிவப்பு அட்ட வந்தா வீட்ட காலி பண்ணணும்னு யார் சொன்னா? ஆறு வருஷமா அது பயிற்சிக்கான சீட்டு. கால்ல பலம் ஏத்தறதுக்கு வாரம் ரெண்டு நாள் வகுப்பு. நாற்காலியில இருந்து எழுந்து உக்காரறது, படி ஏறறது, ஒத்தக் கால்ல நிக்கறது. வீட்டுல தனியா இருக்கணும்கறவங்க இருக்கறதுக்குத்தான் அத ஆரம்பிச்சதே. மத்த ஏரியாவுல அஞ்சுக்கு மேல போனவங்க பல பேர் திரும்பிக் கீழ வந்துருக்காங்க. சுற்றறிக்கை அனுப்பினோமே."

சுற்றறிக்கை வந்தது உண்மை. நாலு பக்கம். மேலே சிவப்பு அட்டை என்று பார்த்ததும், பழைய கதைதான் என்று மடித்துப் பையின் அடியில் போட்டவள் அவள்தான். மற்றவர்களுக்கு எழுதிய அட்டை பிறகு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டதும் இல்லை. ஆறு வருஷம், பதினொரு பேர். யாரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாளோ அவர்களுக்கு வர வேண்டிய ஒத்தாசையை வாசலிலேயே நின்று தடுத்திருக்கிறாள்.

மாமா அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

"வேகம் காட்டற முள்ளு பொய் சொன்னா, அந்த வண்டிய நாங்க ஷெட்ட விட்டு எடுக்கவே மாட்டோம். ஒரு பிரயாணிகூட ஏத்த மாட்டோம்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "என்னய நீங்க மூணு வருஷம் ரோட்டுல விட்டுருக்கீங்க."

நீங்க என்றார். அவள் பிறந்த நாளிலிருந்து அவர் வாயில் அவளுக்கு வராத மரியாதை அது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"மத்தவங்க யாரெல்லாம்?" என்று கேட்டார் பெட்டிக்காரர். "உண்மையான நேரம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதி வைக்கவில்லை. ஆனால் அவளுக்கு மறக்கவில்லை. நின்ற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தாள். பூட்டு ரிப்பேர்காரர், நாலு வருஷத்துக்கு முன்னால் ஐந்து புள்ளி ஒன்று, பிறகு ஐந்து புள்ளி ஐந்து, பிறகு ஆறு. இரண்டாம் தெரு இரட்டைச் சகோதரிகளில் இளையவள், ஐந்து புள்ளி எட்டு. அச்சகக்காரரின் மனைவி, ஐந்து புள்ளி இரண்டு, அப்போதே இடது இடுப்பு வலி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வருஷமும். ஒரு புள்ளி பிசகவில்லை. பெட்டிக்காரர் எழுதிக்கொண்டே வந்தார். மகள் கதவோரம் உட்கார்ந்து கேட்டாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். பதினோராவது ஆளைச் சொல்லி முடித்தபோது அவளுடைய தொண்டை வறண்டு போயிருந்தது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்த வேலை அன்றோடு போயிற்று. போகும் முன் ஒன்று கேட்டாள், மற்ற பத்து வீட்டுக்கும் தானே போய்ச் சொல்கிறேன் என்று. பெட்டிக்காரர் யோசித்துவிட்டு, கூட வந்தார். பூட்டு ரிப்பேர்காரர் கேட்டுவிட்டுக் கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அப்போ டீயினால இல்லையா?" என்றார். அவர் சிரிக்கவில்லை. இரட்டைச் சகோதரிகளில் மூத்தவள் கதவைச் சாத்திவிட்டாள். அச்சகக்காரரின் மனைவி போன கார்த்திகையிலேயே குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தாள். அந்தக் கட்டில் பக்கத்தில் அளவுக்காரி என்ன சொன்னாள், அந்தம்மா என்ன சொன்னாள் என்பது அந்த இருவரோடு போகட்டும். அவள் வெளியே வந்தபோது பெட்டிக்காரர் அவளை மாடிப்படியில் கொஞ்சநேரம் உட்கார விட்டார்.

மாமாவை மகள் கூட்டிக்கொண்டு போகவில்லை. நாலு மாதம் பார்ப்போம், வகுப்புக்குப் போ, தடி எடு, கம்பி பொருத்து, சாலையைத் தாண்டி ரொட்டி வாங்கப் போகாதே என்று நாலு நிபந்தனை போட்டுவிட்டுப் போனாள். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்படி அவர் யாருக்கும் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

அளவுக்காரி அந்த நாலு மாதமும் போய் ரொட்டியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வருவாள். மணி அடிக்க மாட்டாள். அவர் நடை ஐந்து புள்ளி ஏழுக்கு இறங்கியிருக்கிறது என்று மகள்தான் போனில் சொன்னாள். இன்னும் சிவப்புதான். மற்றபடி, "சாப்டீங்களா அண்ணி" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஒரு நாள் ரொட்டியை மாட்டும்போது கதவு திறந்திருந்தது. உள்ளே மாமா கூடத்து நடுவில் நாற்காலி போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. அவள் வாசலுக்கு உள்ளே ஓரமாகச் சுவரோடு நின்றாள். அவர் திரும்ப எழுந்தார். அவளை அறியாமல் அவளுடைய உதடு அசைந்தது, ஒன்று, இரண்டு.

"நீங்க எண்ண வேணாம்" என்றார் மாமா. "நானே எண்ணிக்கறேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் முதலிலிருந்து தொடங்கினார். வாய்விட்டு, ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்தாவது தடவை தொடை நடுங்க எழுந்து நின்றார். உட்கார்ந்து, ஆறாவதுக்கு முன்னால் சாய்ந்தார். பாதி எழுந்தது உடம்பு, நின்றது, திரும்ப நாற்காலியில் விழுந்தது. அவளுடைய கை தானாக முன்னால் போயிற்று. இழுத்துக்கொண்டாள்.

கொஞ்சநேரம் மூச்சு வாங்கிவிட்டு அவர் மேஜையிலிருந்த நோட்டை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, தேதி எழுதி, அதற்கு நேராக ஐந்து என்று எழுதினார்.